படகில் நாய்க்கு இடம் இருந்தது

நவம்பர் 4

மர மில்லில் வேலை பார்த்தவனுக்கு,

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர். நீ. துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் பூட்டுக்காரர். கரையில் அடுப்பு மூட்டிக்கொண்டு நான். என் மகள் பூனை, அப்போது பத்தொன்பது வயது. மூக்கன் என்கிற நாய். நாயோடு சேர்த்து ஆறு உயிர். திரும்பி வந்தது ஐந்து. இருபத்தாறு வருஷம் ஆனாலும் எனக்கு எண்ணத் தெரியும்.

உன் கார்டு வந்தது. தம்பி என்று எழுதக் கை வரவில்லை, அதனால் மேலே அப்படி எழுதியிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். பூனையை எழுதச் சொல்லலாம். உனக்கு எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

ஏரிக்கரையில் துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, அடிபட்ட பறவைகளுக்கு ஒரு கொட்டகை போட்டிருக்கிறீர்களாம். அதற்கு என் வீட்டுக்காரர் பேரில் பலகை மாட்ட வேண்டுமாம். என் சம்மதம் வேண்டுமாம். நன்றாக இருக்கிறது. ஒரு கையால் சுடுவது, இன்னொரு கையால் கட்டுப் போடுவது, இரண்டுக்கும் நடுவில் செத்தவர் பேரில் ஒரு பலகை.

அவர் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம் ஒன்றுதான். அடிபட்டதைத் தேடி எடுக்காமல் அடுத்த குண்டு போடக் கூடாது. தேடப் போகிறவன் கரையில் நட்ட கம்பில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுக் கோரைக்குள் இறங்க வேண்டும். துணி கம்பில் இருக்கிறவரை கோரைப் பக்கம் யாரும் சுடக் கூடாது. அன்றைக்கு அவர் அடித்த வாத்து ஒன்று இறக்கை முறிந்து கோரைக்குள் விழுந்தது. துணியைக் கட்டினார். இரண்டு முடிச்சு. நான் பார்த்தேன். இறங்கினார். கோரை அவரை மூடிக்கொண்டது.

அப்புறம் நடந்ததும் மறக்கவில்லை. பூனை கையில் ஒரு வாத்தோடு வந்து பெட்டி கேட்டாள். தேயிலைப் பெட்டியைக் கொட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் உன் துப்பாக்கிச் சத்தம். அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை என் அடுப்பில் பால் பொங்கியதில்லை. பக்கத்திலேயே நின்று இறக்கிவிடுவேன். பொங்கினால் அந்தச் சத்தம் கேட்கும்.

நீ கம்பைப் பார்க்காமல் சுட்டாய். விசாரணையில் உன் வாயாலேயே சொன்னாய். அதையாவது மன்னித்திருப்பேனோ என்னவோ. படகு இருக்கிறதே, அதை மன்னிக்க மாட்டேன். நான் ஓடி வருகிறேன். பூட்டுக்காரர் துடுப்பைப் பிடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் தலை உன் மடியில். "இடமில்லக்கா" என்றாய். மூக்கன் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தது. நாய்க்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை. நான் முழங்கால் தண்ணீரில் கரண்டியோடு நின்றேன். அக்கரை ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது என்று பிறகு வந்து சொன்னீர்கள்.

பலகையும் வேண்டாம், கிலகையும் வேண்டாம்.

இப்படிக்கு,
பூனையின் அம்மா

கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன். நாலு நாளாக என் கொல்லையில் ஒரு காட்டு வாத்து நிற்கிறது. ஒரு இறக்கை தரையில் இழுபடுகிறது. விரட்டினால் போக மாட்டேன் என்கிறது.


நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டித்தான் எழுதியிருக்கிறாய். இருந்தாலும் உன் கையால் எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் நான் போட்ட கடிதங்கள் எல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தன. இந்தத் தடவை கார்டு போட்டதே அதற்காகத்தான். கார்டைப் பிரிக்காமலும் படிக்கலாம் அல்லவா.

நீ எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. நான் கம்பைப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். துப்பாக்கியை அன்றே ஸ்டேஷனில் கொடுத்தவன், திரும்ப வாங்கவில்லை. அறுபத்தெட்டு வயதாகிறது. கண்ணை மூடினால் அந்தக் கம்புதான் நிற்கிறது. வேறு ஒன்றும் வருவதில்லை, கம்பு மட்டும்.

ஒரு கையால் சுடுகிறார்கள், இன்னொரு கையால் கட்டுகிறார்கள் என்று கேட்டாய். நானும் கேட்டிருக்கிறேன். இங்கே ஒரு கறிக்கடைக்காரர் இருக்கிறார். ஆள் இரண்டு கதவு அகலம். சீசனுக்கு முப்பது வாத்து சுடுகிறவர். போன வாரம் லாரியில் அடிபட்ட ஆந்தை ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். நெஞ்செல்லாம் நகக்கீறல், ரத்தம். ஆந்தை ரத்தம் இல்லை, அவர் ரத்தம். "தின்னுமா? தின்னுமா?" என்று கேட்டுக்கொண்டே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடையைத் திறக்கவில்லை. நான் சும்மா இருக்காமல், "நீங்க சுடறவர்தானே, இதுக்கு ஏன் இந்தப் பாடு?" என்று கேட்டுவிட்டேன்.

"சுடறது வேற. இது அடிபட்டதுய்யா" என்றார்.

அத்தான் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அதனால்தான் பலகைக்குக் கேட்டேன். பூட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கம்பி வளைத்துக் கூண்டெல்லாம் செய்து கொடுத்தவர். அன்றைக்குப் படகில் இருந்ததில் மிச்சம் நான் ஒருவன்தான். நீ வேண்டாம் என்றால் பலகை வேண்டாம்.

உன் வாத்துக்கு ரொட்டி போடாதே, வயிற்றைக் கெடுக்கும். தானியத்தை ஊறவைத்துப் போடு. கீரை இருந்தால் பொடியாக நறுக்கிப் போடு. அகலமான தட்டில் தண்ணீர் வை. நீ கேட்கவில்லை, நானும் சும்மாதான் சொல்கிறேன்.

உன் தம்பி


நவம்பர் 19

மர மில்காரனுக்கு,

தானியம் தின்றது. கீரையைத் தொடவில்லை. நேற்று தின்றது.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இந்தக் கொல்லையில் அணில் உண்டு, மைனா உண்டு, மதில்மேல் போகிற பூனைகள் உண்டு. எல்லாம் வரும், போகும். இது போவதில்லை. விடியற்காலையில் பாத்திரம் துலக்க வந்தால், சமையலறை ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. சாயங்காலம் துணி எடுக்க வந்தால், அதே இடத்தில் அதே பார்வை. தலையை ஒரு பக்கம் சாய்த்து. உன் அத்தான் ஏதாவது சொல்ல வந்து சொல்லாமல் நிற்கும்போது அப்படித்தான் நிற்பார். முதல் நாள் கரண்டியை விட்டெறிந்தேன். இரண்டாம் நாள் எறியவில்லை. எனக்கு இந்த வயதில் மூளை குழம்பவில்லை. வாத்து வாத்துதான். ஆனால் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு உலை வைக்கிறேன்.

அது கிடக்கட்டும். உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்.

பூனைக்கு மருந்துக் கடையில் வேலை. அவள் புருஷன் போன பிறகு, அவளும் அவள் மகளும் என்னோடுதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கடையில் சரக்குச் சரிபார்க்கிறார்கள் என்று ஆறு வருஷமாகக் காலையில் போய் இருட்டுவதற்குள் வருகிறாள். போன ஞாயிறு அவள் பையைக் கழுவப் போட்டேன். அடியில் ஒரு இறகு. மருந்துக் கடையில் எந்த மாத்திரைக்கு இறகு முளைக்கிறது?

"இது என்னடி?"

"ரோட்டுல கிடந்ததும்மா."

"ரோட்டுல கிடக்கறதெல்லாம் பையில போட்டுக்குற வயசா உனக்கு?"

பேத்தி சிரித்தாள். பூனை சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் நடக்கிற சத்தம் எப்போதும் கேட்காது. சதுப்பிலேயே தண்ணீர் தெறிக்காமல் நடப்பாள் என்றுதான் அவள் அப்பா அந்தப் பேர் வைத்தார். என் வீட்டிலும் அப்படியே நடந்து நடந்து, எங்கே போகிறாள், எங்கே வருகிறாள் என்று தெரியாமல் வைத்திருக்கிறாள்.

பிடிவாதம் சின்ன வயதிலிருந்தே. அவள் அப்பா போன புதிதில் ஒரு கூத்து நடக்கும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க ஒரு துணி வைத்திருந்தேன். அதை மட்டும் தொட மாட்டாள். வெறுங்கையால் இறக்குவாள். விரல் நுனியெல்லாம் கொப்புளம். இன்னும் தழும்பு இருக்கிறது. அறைந்தும் பார்த்தேன். தொடவில்லை. அந்தத் துணி ஆறு வருஷம் உழைத்துக் கிழிந்த பிறகுதான் அவள் கை ஆறியது. அப்படிப்பட்ட ஜாதி.

அவள் உன் கொட்டகைக்கு வருகிறாளா? வருகிறாள் என்று தெரிந்தால், அன்றைக்கே தாயும் மகளும் மூட்டையைக் கட்டலாம். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. உன் வாசல்படி மிதித்த எவளும் என் வீட்டில் படுக்கக் கூடாது என்று அவர் படத்துக்கு முன்னால் சொன்னவள் நான். அப்போது பூனையும் பக்கத்தில்தான் நின்றாள்.

வாத்தைப் பிடிப்பது எப்படி? கையை நீட்டினால் சீறுகிறது.

பூனையின் அம்மா


நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

வாத்தைப் பிடிக்கும் விதம் இது. அவசரப்படாதே. மூலைக்கு ஒதுக்கு. பழைய துணி ஒன்றை அகலமாக விரித்து, மேலே போட்டு, முதலில் தலையை மூடிவிடு. கண் மறைந்தால் காட்டுப் பறவை அடங்கிவிடும். நம்பவே முடியாது, அவ்வளவு நேரம் அடித்துக்கொண்டது கல் மாதிரி ஆகிவிடும். பிறகு இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து, துணியோடு தூக்கி மார்பில் அணைத்துக்கொள். இறுக்காதே, மூச்சு விடவேண்டும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வை. இருட்டாக இருக்கட்டும். பக்கத்தில் நின்று பேசாதே. உனக்கு இது கஷ்டம்தான், தெரியும்.

அடிபட்ட இறக்கையில் சின்ன ஈயக் குண்டு இருக்கலாம். நீ நோண்டாதே. இறக்கையை அது தானாக மடக்குகிற மாதிரி மடக்கி, உடம்பைச் சுற்றி அகலத் துணியால் ஒரு சுற்று. அவ்வளவுதான். மிச்சத்தைத் தெரிந்தவர்கள்தான் பார்க்க வேண்டும்.

முன்பு இங்கே ஒரு வாத்து இருந்தது. என் முதல் பறவை. இறக்கை கோணலாகவே கூடியது, பறக்கவில்லை. ஒன்பது வருஷம் என் வாசலில் நடந்தது. எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். தேயிலைப் பெட்டியில்தான் வந்தது. காரியம் முடிந்த மறுநாள் அதைக் கொல்லையில் தூக்கிப் போட்டாயாமே. பூட்டுக்காரர் எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். வெகுநாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பூனையைப் பற்றிக் கேட்டதற்கு

தாள் தீர்ந்துவிட்டது அக்கா. கறிக்கடைக்காரர் வந்திருக்கிறார், ஆந்தையைப் பார்க்க. எலி பிடித்து டப்பாவில் கொண்டுவந்திருக்கிறார். அடுத்த தடவை எழுதுகிறேன்.

உன் தம்பி


டிசம்பர் 2

நீ சொன்ன மாதிரியே பிடித்தேன். இப்போது பாத்திரம் இறக்க வைத்திருக்கும் துணியைத்தான் போட்டேன், கைக்கு அதுதான் கிடைத்தது. தலையை மூடினேன். அடங்கிவிட்டது. மார்பில் அணைத்துத் தூக்கினேன். துணி நனைந்து என் கையில் ஒட்டியது. உள்ளே அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேத்தி வந்து "பாட்டி, காலு மரத்துப் போகலையா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குப் பூனையும் அப்படித்தான் வந்தாள். முழங்கால்வரை ஈரம். மார்போடு ஒரு பொட்டலம். "அம்மா, பெட்டி இருக்கா?" என்றாள். "பெட்டியைத் தலையில தூக்கிட்டு வந்தேனா நான்? தேயிலையைக் கொட்டிட்டு எடுத்துக்க" என்றேன். வாத்தைப் பெட்டிக்குள் விட்டாள். துணியை என்னிடம் நீட்டினாள். பிழிந்து, அடுப்புக்கு மேலே கூடாரக் கயிற்றில் காயப் போட்டேன். என் கையால் போட்டேன். அதற்குப் பிறகுதான் வெடிச் சத்தம்.

அந்தத் துணி சிவப்பு.

எல்லாம் நினைவு இருக்கிறது என்று உனக்குப் பெருமையாக எழுதினேன். இரண்டு முடிச்சு என்று எழுதினேன். நிறத்தை மட்டும் இருபத்தாறு வருஷம் நான் பார்க்கவே இல்லை. பாத்திரங்களோடு சேர்ந்து அது வீட்டுக்கு வந்தது. துவைத்துச் சமையலறையில் மாட்டினேன். அதைத்தான் அவள் தொட மாட்டேன் என்றாள்.

கம்பில் துணி இல்லை. நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா? இந்தத் தடவை தாள் தீர்ந்துவிட்டது என்று எழுதாதே. வெறும் தாள் இரண்டு உள்ளே வைத்திருக்கிறேன்.


டிசம்பர் 6

அக்கா,

பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். கம்பு வெறுமையாக இருந்தது. அத்தான் வேறு பக்கம் ஏறிவிட்டார் என்று நினைத்தேன். கோரைக்கு மேலே வாத்துகள் கிளம்பின. சுட்டேன்.

சத்தத்துக்குப் பிறகு அத்தானுடைய குரல். பூட்டுக்காரரும் நானும் உள்ளே ஓடி அவரைத் தூக்கி வந்தோம். கழுத்திலும் விலாவிலும். வரும் வழியில் அவரும் கம்பைப் பார்த்தார். கரையில் பூனை நின்றுகொண்டிருந்தாள், கையெல்லாம் வாத்து இறகு. கம்பைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். எங்கள் மூன்று பேருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

நீ ஓடி வந்தாய். படகில் இடம் இருந்தது அக்கா. அதையும் எழுதிவிடுகிறேன். என் கையைப் பிடித்து, "அவளை ஏத்தாதே. ஒண்ணு சொல்லணும்" என்றார். அதனால்தான் இடமில்லை என்றேன். நாயை இறக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை.

பாதி ஏரி தாண்டிய பிறகு சொன்னார். "பூனை துணியை எடுத்தான்னு உங்கக்காவுக்குத் தெரியக் கூடாது. அவ மன்னிக்க மாட்டா. பெத்த பொண்ணா இருந்தாலும் மன்னிக்க மாட்டா, கடைசி வரைக்கும் வெச்சுப் பொசுக்கிடுவா. நீ பாக்காம சுட்டேன்னு சொல்லிடு. நீ தாங்குவே."

சரி என்றேன். பூட்டுக்காரரும் சரி என்றார். அதற்குப் பிறகு அத்தான் ஒன்றும் பேசவில்லை. மூக்கன் அவர் காலில் தலையை வைத்திருந்தது.

பூனை எத்தனையோ தடவை உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்று அழுதாள். நான்தான் விடவில்லை. உங்கப்பா வாங்கிய வாக்கு என்றேன். ஆறு வருஷத்துக்கு முன்பு ஒருநாள், காலொடிந்த நாரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி என் வாசலில் வந்து நின்றாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். கட்டுப் போடுவதில் என்னைவிடக் கை சுத்தம். துப்பாக்கிக்காரர்கள் இப்போது என்னைக் கேட்பதில்லை, "தங்கச்சி வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மூட்டை கட்டச் சொல்வதாக எழுதினாயே. வேண்டாம். இவ்வளவு வருஷம் திட்டு வாங்கியவனுக்கு மிச்சத்தையும் கொடு. எனக்குப் பழகிவிட்டது. அவளுக்குப் பழகவில்லை.

தம்பி


டிசம்பர் 16

தம்பி,

பத்து நாள் ஆகிவிட்டது. கோபத்தில் எழுதாமல் இருந்தேன் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் யார்மேல் என்று தெரியாமல் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன்.

உன் கடிதத்தை அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். அடுப்பில் பால் இருந்தது. பொங்கி வழிந்தது. அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பு அணைந்து, பால் கருகின நாற்றம் மட்டும் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பூனை கடையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் பெட்டியைத் தூக்கி அவள் முன்னால் வைத்தேன்.

"இதுக்குக் கட்டு மாத்தணும். மாமாகிட்ட கத்துக்கிட்டதை இங்க காட்டு."

முகம் வெளுத்துவிட்டது. "அம்மா..."

"நின்னுட்டிருக்காதே. அதுக்கு வலிக்கும்."

உட்கார்ந்தாள். பாத்திரம் இறக்கும் துணியை நான்தான் எடுத்து நீட்டினேன். வாத்தின் தலையை மூடினாள். அவள் விரல் அந்த இறக்கையை விரித்ததை நீ பார்த்திருக்கிறாய், நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதுப் பெண். கொப்புளத் தழும்பு ஒவ்வொன்றும் வெள்ளையாகத் தெரிந்தது.

"அன்னிக்கு ஏரிக்கரையில நீ கொண்டுவந்த துணி சிவப்புன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

கை நின்றது. "எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

"மாமா சொன்னாரா?"

"உங்க மாமன் சொல்லுவானா? அவன் வாயைத் திறக்க நான் தாள் அனுப்ப வேண்டியதா இருந்தது."

கட்டை முடித்துவிட்டுத்தான் பேசினாள். அந்த மட்டுக்கு அவள் அப்பா வளர்ப்பு.

"வாத்து தானாவே கோரையிலேர்ந்து வெளிய வந்துதும்மா. என் காலடிக்கே வந்துது. அப்பா தேடிப் போனதே அதைத்தானே, அது வந்துடுச்சே, அப்பாவும் பின்னாடியே வந்துடுவார்னு நெனச்சேன். அது அப்படி அடிச்சுக்கிச்சு, கைக்கு வேற துணி இல்ல. ஒரு நிமிஷம்தான்னு நெனச்சேன்."

அப்புறம் கேட்டாள்: "வெளிய போகச் சொல்லப் போறியா?"

"முதல்ல சாப்பிடு" என்றேன்.

மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை தம்பி. அந்த வார்த்தை என் வாயில் பழக்கமில்லை. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் நீலத்தில் புதுத் துணி ஒன்று வாங்கிவந்து, அந்தச் சிவப்புத் துணி தொங்கின ஆணியிலேயே மாட்டினேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பாத்திரத்தை இறக்கப் போனவள் ஆணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துணியை எடுத்தாள். "இப்பத்தான் புத்தி வந்துதா?" என்றேன். பேத்திக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரும் ஏன் அழுகிறீர்கள், சாப்பாடு அடிப்பிடித்துவிட்டதா என்று கேட்டாள்.

சொல்லப்போனால் அந்தத் துணியைக் கையில் வாங்கிப் பிழிந்தவள் நான். நிமிர்ந்து கம்பைப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அதை நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டுவிட்டேன். என்னோடு நான் இருந்துதானே ஆகவேண்டும். என் சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னைத் திட்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, இருபத்தாறு வருஷத் திட்டு. நீ கம்பைப் பார்த்துவிட்டுத்தான் சுட்டாய் என்று இந்தத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பால் ஊற்றுகிறவனிடமும் சொன்னேன். அவனுக்கு உன்னை யாரென்றே தெரியாது, தலையை ஆட்டிக்கொண்டான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பூனையோடு வருகிறேன். வாத்தும் வருகிறது. பெட்டியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறோம். அக்கரைக்கு என்னைப் படகில் கூட்டிக்கொண்டு போ. நீதான் துடுப்புப் போட வேண்டும். அன்றைக்கு எந்த வழியாகப் போனீர்களோ அதே வழி. பாதி ஏரியில், அவர் அதைச் சொன்ன இடத்தில், நிறுத்து. அங்கே எனக்கு ஒரு வேலை இருக்கிறது, ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

பலகையைப் பற்றி. உன் அத்தான் பேர் வேண்டாம். பூட்டுக்காரர் பேர் வை, ஒன்றும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு செத்த மனுஷர். அது பிடிக்காவிட்டால் மூக்கன் பேர் வை. கறிக்கடைக்காரரைக் கேட்டுப் பார், அவர் ஒத்துக்கொள்வார்.

ஏன் வேண்டாம் என்று கேட்பாய். நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. எனக்கென்று ஒரு சொல் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகத் தேடினேன். பாதி ஏரி தூரம் மூச்சு இருந்திருக்கிறது. அதை வைத்து நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நானும் போயிருக்கலாம். நாய் போயிற்று. பெற்ற பெண்ணை நான் பொசுக்கிவிடுவேன் என்று அவரே முடிவு கட்டி, என்னைக் கேட்காமலே என்னைத் தண்ணீரில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது பொய்யாகிவிட்டது. அதைப் பார்க்கவும் அவர் இல்லை.

பூனையைப் பிடித்து வைத்துக்கொண்டேன். உன்னைத் தம்பி என்று எழுதிவிட்டேன். கொல்லையில் தலையைச் சாய்த்து நின்ற வாத்தைக்கூட மார்பில் தூக்கினேன். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் நான் மன்னிக்காத ஆள் இனி ஒருவர்தான். முதல் கடிதத்தில் முதலில் எழுதினேனே.

என் வீட்டுக்காரர்.